தராசு மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி: பினாங்கில் தூண்டில் போட்டிக்குப் படகு பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குளத்தங்கரையில் நடக்கும் மீன்பிடிப் போட்டிக்கு ஒரு தூண்டிலும் ஒரு குடையும் போதும். கடலில் நடக்கும் படகுப் பிரிவு அப்படியல்ல. பிறை, பாகான் டாலாம், நிபோங் தெபால் பக்கத்து நம் இளைஞர்களில் பலர் கரையிலிருந்து தூண்டில் வீசுவதில் கைதேர்ந்தவர்கள். ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் படித்துறைக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட நான்கு பேர் கூடி, "இந்த முறை படகுப் பிரிவில் இறங்கிப் பார்ப்போம்" என்று பேசத் தொடங்கும்போது, பேச்சு உடனே ரீலுக்கும் இரைக்கும் போய்விடுகிறது. படகை யார் பிடிப்பது, அதன் உரிமம் எப்படிப்பட்டது, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. என் கணிப்பில், ஒரு குழுவின் நிலை கரையை விட்டுக் கிளம்பும் முன்பே பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் தூண்டிலைப் பற்றி அதிகம் இருக்காது.

படி 1: விதித்தாளைப் படகுக்காரரின் கண்ணால் படியுங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள். பரிசுப் பட்டியல் பெரிய எழுத்தில் இருக்கும், மற்றவை பொடி எழுத்தில். உங்களுக்கு வேண்டியது அந்தப் பொடி எழுத்துதான்.

எல்லாப் படகுகளும் ஒரே படித்துறையிலிருந்து ஒன்றாகக் கிளம்ப வேண்டுமா, இல்லை எங்கிருந்து வேண்டுமானாலும் கிளம்பி எடை போடும் இடத்துக்கு வந்து சேர்ந்தால் போதுமா என்று முதலில் பாருங்கள். எந்தக் கரையில் படகு தேட வேண்டும் என்பதே இதைப் பொறுத்தது. அடுத்தது தராசு மூடும் நேரம். "மாலை 4 மணி" என்று எழுதியிருந்தால், அது வரிசையில் வந்து நிற்க வேண்டிய நேரமா, மீன் தராசில் ஏற வேண்டிய நேரமா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காத குழுக்களின் சண்டையைத்தான் பரிசளிப்பு மேடைக்குப் பக்கத்தில் பார்க்க நேர்கிறது. ஒரு படகில் எத்தனை பேர், அந்த எண்ணிக்கையில் படகோட்டியான தெக்கோங் சேர்த்தியா, எந்தெந்த மீன்கள் கணக்கில் வரும், எந்த எல்லைக்குள் பிடிக்க வேண்டும் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தெக்கோங் தூண்டிலைத் தொடலாமா என்பது பலருக்குத் தோன்றாத கேள்வி. 1939இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, மீன் மாட்டிய பிறகு வேறொருவர் தூண்டிலையோ ரீலையோ தொட்டால் அந்த மீன் தகுதி இழக்கும். மீன் படகை நெருங்கியபின் உதவியாளர், தூண்டில் முள்ளை ஒட்டிய லீடர் நூலைப் பிடித்து இழுக்கலாம். உள்ளூர்ப் போட்டிகள் இதை முழுதாகவும் பின்பற்றலாம், பாதியும் பின்பற்றலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். நம் ஊர்த் தெக்கோங் பெரிய மீன் மாட்டியதும் ஆர்வத்தில் தானே தூண்டிலைப் பிடுங்கிக்கொள்ளும் ரகமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஏற்பாட்டாளரின் பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: அன்றைக்கு ஓதம் எப்படி?

போட்டி நாளை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் அந்த நாளில் கடல் எப்படி இருக்கும் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே அறியலாம். கடல்நீர் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறோம்; மலேசிய அரச கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராஃபி மையம் ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. கைப்பேசிச் செயலிகளும் உண்டு. மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆவதால், மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

அட்டவணை கையில் இல்லாவிட்டால் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த ஓரிரு நாளில் ஏற்ற வற்றத்தின் வேறுபாடு மிக அதிகமாக இருக்கும். நீரோட்டமும் பலமாக இருக்கும். மலாய்த் தெக்கோங்குகள் இதை ஆயர் பெசார் என்பார்கள். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாள்களில் நீர் மந்தமாக அசையும். அது ஆயர் மாத்தி. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். ஆழத்தில் ஈயக்குண்டு நகராமல் நிற்க வேண்டுமென்றால் அந்த நாள்களே தோது. போட்டி ஆயர் பெசார் நாளில் விழுந்தால் கனமான ஈயமும், நன்றாகப் பிடிக்கும் நங்கூரமும், நீளமான கயிறும் உள்ள படகு வேண்டும். மந்தமான நாளில் விழுந்தால் சற்றுச் சிறிய படகும் சமாளிக்கும்.

ஓதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. செபராங் பிறைக் கரையோரம் சேற்றுத்திட்டுகள் நிறைந்தது. ஆற்று முகத்தில் இருக்கும் சிறு படித்துறைகள் சிலவற்றில் அடி வற்றத்தின்போது படகு உள்ளே வரவே முடியாது. காலையில் நீர் நிறைந்திருக்கும்போது சிரித்துக்கொண்டே கிளம்பிய குழு, பிற்பகலில் கரையைக் கண்ணால் பார்த்தபடி சேற்றுக்கு வெளியே காத்துக் கிடக்கும். "திரும்பி வரும் நேரத்தில் இந்தப் படித்துறையில் எவ்வளவு நீர் இருக்கும்?" என்று தெக்கோங்கிடம் கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொல்கிறவர் அந்தக் கரையை அறிந்தவர். பினாங்குக் கால்வாயில் முதல் பாலத்துக்கு வடக்கே மிடில் பேங்க் என்ற கடற்புல் திட்டு இருக்கிறது. மிகத் தாழ்ந்த வற்றத்தில் அதன் சில பகுதிகள் வெளியே தெரியும். குறுக்கு வழியில் போக ஆசைப்படும் படகுகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

படி 3: பின்னோக்கிக் கணக்கு

இதைத் தாளில் போடுங்கள். மனக்கணக்கு எப்போதும் மீனுக்குச் சாதகமாகவே முடியும்.

காலை 7 மணிக்குக் கிளம்பலாம், மாலை 4 மணிக்கு மீன் தராசில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். படித்துறையில் படகைக் கட்டி, மீனை எடுத்து, வரிசைக்கு நடக்க 20 நிமிடம். எதிர்பாராதவற்றுக்கு அரை மணி. ஆக 3.10க்குப் படித்துறையைத் தொட வேண்டும். நீங்கள் போக நினைக்கும் இடம் 18 கடல் மைல் தொலைவு. படகு சீராக 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல், ஓடும். திரும்பும்போது 2 நாட் எதிர்நீரோட்டம் என்றால் நிகர வேகம் 13 நாட். பயணம் 1 மணி 23 நிமிடம் ஆகும். நங்கூரம் தூக்கி, பொருள்களை ஒழுங்குபடுத்த 15 நிமிடம். அப்படியானால் 1.32க்கு நூலைச் சுருட்டத் தொடங்க வேண்டும். காலையில் அங்கே போய்ச் சேரவே 8.12 ஆகியிருக்கும். கையில் மிஞ்சுவது 5 மணி 20 நிமிடம்.

இதே கணக்கை 6 கடல் மைல் தொலைவுக்குப் போட்டால் 7.24 முதல் 2.27 வரை தூண்டில் நீரில் இருக்கும். ஏழு மணி நேரத்துக்கும் மேல். தொலைவில் பெரிய மீன் இருக்கும் என்ற எண்ணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு மணி முக்கால் நேரத்தைக் கொடுத்து வாங்கும் அளவுக்கு அந்த இடம் உறுதியானதா என்பதைத் தெக்கோங்கும் நீங்களும் உட்கார்ந்து பேச வேண்டும். முதன்முறை இறங்கும் குழுவுக்கு நான் அருகிலுள்ள இடத்தையே சொல்வேன்.

எரிபொருளுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. இடம் மாற்றி இடம் மாற்றி ஓடும் போட்டி நாளில் அந்தக் கடைசிப் பங்கைத் தொடாமல் இருப்பது சுலபமில்லை.

படி 4: படகைத் தேடுவது

விதித்தாளும் ஓதமும் கணக்கும் கையில் வந்தபின்தான் படகு தேட வேண்டும். அப்போதுதான் எந்தக் கரை என்று தெரியும். தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் தெலுக் பாஹாங் படித்துறையிலிருந்து, 1883இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கும் முக்கா ஹெட் முனையும் வடபகுதிக் கடலும் பக்கம். தெற்கே பத்து மாவுங், தெலுக் தெம்போயாக், தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் ஆகிய இடங்களிலிருந்து ரிமாவ் தீவுக்கும் கெண்டி தீவுக்கும் போகலாம். பெருநிலத்தில் பத்து மூசாங், புக்கிட் தம்புன் பக்கம் படகு கிடைத்தால் அமான் தீவையும் கெடோங் தீவையும் சுற்றிய நீர் உங்களுடையது. நிபோங் தெபாலிலிருந்து வருகிறவர்கள் பாலம் கடந்து தீவுக்குப் போவதற்கு முன் இந்தக் கரையைப் பார்த்துவிடுவது நல்லது. தஞ்சோங் தோக்கோங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறையில் நிற்பவை பெரும்பாலும் தனியார் உல்லாசப் படகுகள்.

ஃபேஸ்புக்கில் தேடினால் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்த படங்களாக வந்து குவியும். அந்தப் படம் எந்த ஆண்டு எடுத்தது, எந்தக் கடலில் எடுத்தது என்பது எடுத்தவருக்கே வெளிச்சம். அதைவிட, ஒரு சனிக்கிழமை பிற்பகலில், படகுகள் திரும்பும் நேரத்தில் படித்துறைக்குப் போய் நில்லுங்கள். எந்தப் படகு சொன்ன நேரத்துக்கு வருகிறது, வந்திறங்குகிறவர்களின் முகம் எப்படி இருக்கிறது, தெக்கோங் படகைக் கழுவுகிறாரா, எஞ்சினை நன்னீரில் ஓட்டுகிறாரா, பாதுகாப்பு அங்கிகள் ஆளுக்கு ஒன்றாகத் தொங்குகின்றனவா, ஒரு மூட்டையாகக் கட்டி மூலையில் எறியப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அரை மணி நேரம் நின்றாலே போதும். தூண்டில் கடைக்காரர்களும் நல்ல வழிகாட்டிகள். "அதிகம் மீன் காட்டும் தெக்கோங் யார்?" என்று கேட்டால் தமக்கு வேண்டியவரைச் சொல்வார்கள். "நேரத்துக்குத் திரும்பும் தெக்கோங் யார்?" என்று கேட்டால் சற்று யோசித்துவிட்டு வேறொரு பெயரைச் சொல்வார்கள். அந்த இரண்டாவது பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு மலாயில்தான் நடக்கும். ஒத்த வயதினர் என்றால் பாங், மூத்தவர் என்றால் பாக் சிக், சீனப் பெரியவர் என்றால் அங்கிள். முதல் கேள்வியே விலையாக இருக்க வேண்டாம். அவருடைய படகு, அவருடைய கடல், இந்த மாதம் என்ன மீன் என்று தொடங்கினால் மற்றவை தானாக வரும்.

விலைக்கு வரும்போது இவற்றைத் தெளிவாகப் பேசி முடியுங்கள். வாடகை படகுக்கா, ஆளுக்கா? எரிபொருள், உயிர் இறால், பனிக்கட்டி அதில் அடக்கமா? நேரம் கூடினால் எவ்வளவு? முன்பணம் எவ்வளவு? வானிலையால் போட்டி தள்ளிப்போனால் முன்பணம் திரும்புமா, புதிய தேதிக்கு மாறுமா? ஏற்பாட்டாளர் தள்ளிவைக்காமல், தெக்கோங் மட்டும் "இன்று போக முடியாது" என்று சொன்னால் என்ன செய்வது? இந்தக் கடைசிக் கேள்வியில் தெக்கோங்கின் சொல்லே முடிவு என்று நால்வரும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். வாடகை கொடுத்துவிட்டோம் என்பதற்காகக் கடலுக்குப் போகச் சொல்லி அவரை நெருக்குகிற குழுவோடு நான் படகு ஏற மாட்டேன்.

நான்கு பேர் இடறாமல் தூண்டில் வீச, 22, 23 அடிக்குக் குறையாத ஃபைபர் படகு வேண்டும் என்பது என் எண்ணம். நீளத்தைவிட முக்கியம், நான்கு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு எவ்வளவு சரிகிறது என்பது. கரையிலேயே செய்து பார்க்கலாம். இயன்றால் போட்டிக்கு முன் அதே தெக்கோங்குடன் அரை நாள் போய் வாருங்கள். செலவுதான். ஆனால் எஞ்சின் ஒரே முயற்சியில் உயிர் பெறுகிறதா, அவர் கடலில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறாரா, உங்கள் ஆள்களில் யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் வேறு வழியில் தெரியாது.

படி 5: காகிதங்கள்

மலேசியாவில் படகுகளுக்கு உரிமம் வழங்குவதும் பாதுகாப்பைப் பார்ப்பதும் மலேசியக் கடல்துறை, அதாவது ஜபாத்தான் லாவுட். 1952ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் கட்டளைச் சட்டமும் 1953ஆம் ஆண்டின் படகு விதிகளும் இதற்கு அடிப்படை. மீன்பிடிப் படகுகளுக்கு மீன்வளத்துறை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் உரிமம் தருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் வம்பு தொடங்கும். மீனவரின் மீன்பிடி உரிமம் அவர் மீன் பிடிப்பதற்கானது. வாடகைக்குத் தூண்டில்காரர்களை ஏற்றிச் செல்ல அது மட்டும் போதாது. "இந்தப் படகுக்கு ஆள் ஏற்ற அனுமதி இருக்கிறதா? எத்தனை பேருக்கு?" என்று கேட்டு, உரிமத்தைக் கண்ணால் பாருங்கள். அதில் இருக்கும் எண்ணும் படகின் பக்கவாட்டில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றாதீர்கள். படம் எடுக்க வரும் மைத்துனரும் அந்தக் கணக்கில் ஓர் ஆள்தான்.

இந்த இடத்தில் குழுவின் இளையவர் ஒருவர் நிச்சயம் சொல்வார்: "அண்ணே, அவர் பல ஆண்டுகளாக ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறார். யாரும் பிடித்ததில்லை."

"பிடிப்பதைப் பற்றி நான் பேசவில்லை, தம்பி. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் காகிதம் எது என்று பேசுகிறேன்."

நண்பரின் சொந்தப் படகில் போவதாக இருந்தாலும் இதே சோதனைதான். படகுக்கு உரிமமும், ஓட்டுகிறவருக்கு அதற்கான தகுதிச் சான்றும் வேண்டும். கடலில் உங்களை நிறுத்திச் சோதிக்கக்கூடியவர்கள் பலர்: கடல்துறை, ஏபிஎம்எம் எனப்படும் கடல்சார் அமலாக்க நிறுவனம், கடல் போலீஸ், மீன்வளத்துறை. கடல் போலீசின் வடபகுதித் தளம் பத்து ஊபானில், பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடையாள அட்டையை நீர் புகாத பையில் வைத்து உடன் கொண்டு போங்கள்.

படி 6: கடலில் யாருக்கு யார் வழிவிட வேண்டும்

தெக்கோங்குக்குத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். போட்டி நாளில் அவர் மீன் காட்டும் கருவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நால்வரில் ஒருவராவது கடலைப் பார்க்க வேண்டும். எல்லாத் திசையிலும் கண்ணாலும் காதாலும் இடைவிடாமல் கவனிக்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது. 1984ஆம் ஆண்டு ஆணையின் வழியாக அந்த விதிகள் மலேசியாவில் நடைமுறையில் இருக்கின்றன.

எஞ்சின் படகுகள் இரண்டு நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வரும் படகு உங்கள் வலப்பக்கத்தில் இருந்தால் நீங்கள்தான் விலக வேண்டும். அதன் முன்னால் குறுக்கே பாயாமல் பின்னால் சுற்றிப் போங்கள். முந்துகிறவர், முந்தப்படுகிறவரின் வழியிலிருந்து விலகியே முந்த வேண்டும். ஒரு சிறு ஹாரன் ஒலி "வலப்பக்கம் திரும்புகிறேன்" என்று பொருள், இரண்டு, இடப்பக்கம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விரைவான சிறு ஒலிகள் கேட்டால், "நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை" என்று எதிரே வரும் கப்பல் கேட்கிறது. அப்போது பெரும்பாலும் தவறு நம் பக்கம்தான் இருக்கும்.

தூண்டில்காரர்கள் அடிக்கடி நம்பும் ஒன்றை இங்கே தீர்த்துவிடலாம். "மீன்பிடிப்பில் ஈடுபட்ட கலம்" என்றால் மற்ற எஞ்சின் கலங்கள் விலக வேண்டும் என்று விதிகளில் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சொற்றொடர், வலையாலும் நீண்ட தூண்டில் வரிசையாலும் திரும்ப முடியாமல் இருக்கும் கலங்களுக்கானது. படகின் பின்னால் நூல் இழுத்துப் போகிறவர்களை மூன்றாவது விதி வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது. கையில் தூண்டிலோடு ஓடும் உங்கள் படகு, கடலின் பார்வையில் மற்றுமொரு எஞ்சின் படகு. சலுகை எதுவும் இல்லை.

பினாங்குக் கால்வாயில் இது முக்கியம். வடக்கே பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்குக் கப்பல்கள் வருகின்றன. சுவெட்டன்ஹாம் துறைக்கு உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே 2023 ஆகஸ்டு முதல் புதிய ஃபெரிகள் குறுக்கே ஓடுகின்றன. ஒன்பதாவது விதிப்படி, 20 மீட்டருக்குக் குறைந்த எந்தப் படகும் குறுகிய கால்வாயில் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லக்கூடிய கப்பலுக்குத் தடையாக இருக்கக் கூடாது. அங்கே நங்கூரம் போடுவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். பெரிய கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு, கப்பலின் முன்னால் சில நூறு மீட்டர் கடல் தெரியவே தெரியாது. அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். பார்த்தாலும் சட்டென நிறுத்த அவரால் முடியாது.

மிதவைகளைப் பொறுத்தவரை, நம் பகுதியில் கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு இடப்பக்கமும் பச்சை வலப்பக்கமும் இருக்கும். வெளியே போகும்போது இது தலைகீழ். மிதவையில் படகைக் கட்டித் தூண்டில் போடுவது கூடாது. அடியில் மீன் கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, இருந்தாலும் கூடாது.

விடியும் முன் கிளம்பினால் விளக்குகள் வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த எஞ்சின் படகுக்குச் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும், இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் போதும். நங்கூரமிட்டு நிற்கும்போது இரவில் வெள்ளை விளக்கு, பகலில் கறுப்புப் பந்து அடையாளம். 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு இதில் விலக்கு உண்டு. கப்பல் வழியிலோ பிறர் வழக்கமாகச் செல்லும் நீரிலோ நின்றால் அந்த விலக்கும் இல்லை. கனமழையில் எதுவும் தெரியாதபோது, ஓடும் எஞ்சின் கலம் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஒலி எழுப்ப வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு அதே முறை கட்டாயமில்லை. ஆனால் அதே இடைவெளியில் உரத்த ஒலி ஏதாவது எழுப்பியே ஆக வேண்டும். ஹாரன் வேலை செய்கிறதா என்று கரையிலேயே அழுத்திப் பாருங்கள்.

படி 7: தூண்டில் போடக் கூடாத இடங்கள்

வடக்கே போகிற குழுக்கள் முதலில் அறிய வேண்டியது பாயார் தீவு. கெடா மாநிலத்தைச் சேர்ந்த பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் தீவுகள் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றைச் சுற்றி 2 கடல் மைல் வரை மீன் பிடிக்க மீன்வளச் சட்டம் தடை விதிக்கிறது. "கொஞ்சம் ஓரமாகப் போட்டால் தெரியாது" என்று சொல்லும் தெக்கோங்கை விட்டுவிடுங்கள். படகும் தூண்டிலும் போவதோடு போட்டித் தகுதியும் போகும்.

தீவின் தெற்குக் கரையோரம் 2023 செப்டம்பரில் சிலிக்கான் தீவு என்ற செயற்கைத் தீவுக்கான நிலமீட்பு தொடங்கியது. அங்கே மணல் கப்பல்களும் இழுவைப் படகுகளும் நடமாடுகின்றன. பழைய வரைபடத்தில் இருக்கும் ஆழத்தை நம்பி அந்தப் பக்கம் ஓட்டக் கூடாது. பாலத்தின் தூண்களில் படகைக் கட்டாதீர்கள். நீரோட்டம் படகைத் தூணோடு மோதிச் சுருட்டிவிடும். ஜெரெஜாக், அமான் தீவுகளின் பக்கம் மிதக்கும் மீன் வளர்ப்புக் கூண்டுகளைச் சுற்றிச் சியாக்காப், அதாவது நம் கொடுவா, திரியும். அந்தக் கூண்டுகள் ஒருவரின் பிழைப்பு. கேட்காமல் கட்டினால் கயிற்றை அறுப்பார்கள், அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. மீன் கூடுவதற்காக மீனவர்கள் தம் செலவில் ஆழத்தில் இறக்கிவைத்த உஞ்சாம்களுக்கும் இதே மரியாதை வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட உயிர்களான ஓங்கில் (டால்ஃபின்), திமிங்கிலச் சுறா, கடற்பசு, ஆமை ஆகியவை நூலில் சிக்கினால் நூலை அறுத்து விட்டுவிடுங்கள். படத்துக்காகக்கூடப் படகில் ஏற்றாதீர்கள்.

படி 8: வானிலையும் உயிர்ப் பாதுகாப்பும்

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில், சுமத்ராவின் பக்கமிருந்து வரிசை கட்டி வரும் இடிமழை, விடிவதற்கு முன்போ காலையிலோ நம் மேற்குக் கரையைத் தாக்கும். போட்டிகள் கிளம்பும் நேரமும் அதுதான். முதல் நாள் மாலை வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதை நம்ப முடியாது. வானிலைத் துறையான மெட்மலேசியாவின் மைகுவாச்சா செயலியில் மழை ராடாரை அதிகாலை எழுந்ததும் பாருங்கள். மேற்கே அடர்ந்த கோடு ஒன்று நகர்ந்து வந்தால் அது கடக்கும் வரை கரையில் தேநீர் குடிக்கலாம். பலமான நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசும் நேரத்தில் கால்வாயில் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும். சிறு படகுக்கு அது ஆழ்கடலைவிட மோசம்.

பாதுகாப்பு அங்கியைப் படகில் வைத்திருப்பது காகிதத்துக்கு. உடம்பில் போட்டிருப்பது உயிருக்கு. வெயிலில் புழுங்கும், தூண்டில் வீசத் தடையாக இருக்கும், எல்லாம் சரி. காற்றடைத்து விரியும் மெல்லிய வகை கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். படகோட்டி எஞ்சினை நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் அவர் விழுந்தால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வரும். விஎச்எஃப் வானொலி இருந்தால் அவசரத்துக்கு 16ஆம் அலைவரிசை. கைப்பேசி எட்டும் தொலைவில் 999. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், படகின் எண் என்ன, தெக்கோங்கின் தொலைபேசி எண் என்ன என்று வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள். படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திப் போகாமல் பிடித்துக்கொண்டே இருங்கள். தேடி வருகிறவர்களுக்கு ஆளைவிடப் படகு சுலபமாகத் தெரியும். செம்பிலாங் கெளிறும் திருக்கையும் குத்தினால், தோல் தாங்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை ஊறவைத்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போக இதுவே போதிய காரணம்; மைலோ கலக்கவும் உதவும்.

படி 9: போட்டி நாளும் அதற்குப் பின்னும்

காலையில் நால்வரில் ஒருவரை நேரக் காவலராக நியமியுங்கள். படி 3இல் போட்ட கணக்கு அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். 1.32 என்றால் 1.32க்கு அவர் "சுருட்டுங்கள்" என்று சொன்னதும் எல்லோரும் சுருட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் மீன் கடிக்கத் தொடங்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீனில் ஏற்கெனவே உங்கள் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் தராசு மூடியபின் அது சமையலுக்குத்தான்.

பிடித்த மீனைக் குடல் நீக்காமல் முழுதாக, கடல்நீர் கலந்த பனிக்கட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள். எடை குறையாது, உடலும் விறைப்பாக இருக்கும். மீனின் வயிற்றில் ஈயம் ஏதும் இருக்கிறதா என்று நடுவர்கள் தடவிப் பார்க்கவோ கீறிப் பார்க்கவோ கூடும். அதற்குக் கோபப்படுவது அழகல்ல.

கடைசியாக, கிளம்புவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய ஒன்று: பரிசு கிடைத்தால் தெக்கோங்குக்கு என்ன பங்கு? வாடகை வேறு, பரிசுப் பங்கு வேறு. இவ்வளவு விழுக்காடு என்றோ, ரொக்கம் என்றால் இவ்வளவு, எஞ்சினோ தூண்டிலோ பரிசாக வந்தால் இவ்வளவு என்றோ முதல் நாளே சொல்லிவிடுங்கள். எடை போட்ட மீன் உங்களுக்குத் திரும்புமா, ஏற்பாட்டாளருக்கே போகுமா என்பதையும் விதித்தாளில் பார்த்து வையுங்கள். திரும்பும் என்றால் அதிலும் தெக்கோங் வீட்டுக்கு ஒரு பங்கு போகட்டும். அடுத்த போட்டிக்கு அந்த வாரம் முழுவதும் அவருடைய படகை எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.